மாத்திரை யார் கையில் இருக்கவேண்டும்?

சோழவரம் வட்டாரத்தில் பொழுது விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். கணவனும் மனைவியும் ஷிப்டு வேலைக்குப் புறப்படும் வீடுகள் இங்கே பல உண்டு.

அப்படி ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். தாய் என்ன செய்வாள்? ஒரு மாத்திரையைத் தாளில் மடித்துப் புத்தகப் பையில் போடுவாள். "மத்தியானம் சோறு சாப்பிட்டதும் போட்டுக்கொள், கண்ணு" என்பாள்.

அன்பினால் செய்கிற காரியம்தான். ஆனால் அதில் ஆபத்தும் இருக்கிறது!

உதகையில் நடந்த துயரம்

மாத்திரை பிள்ளைகள் கையில் சிக்கினால் என்ன ஆகும்? 2023-ம் ஆண்டு மார்ச்சு மாதம் உதகையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அது நடந்தது. சத்து மாத்திரைகள் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிட்டன. யார் அதிகம் தின்பது என்று விளையாட்டாகப் போட்டி போட்டார்கள். சிலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு மாணவி கல்லீரல் கெட்டு இறந்துபோனாள்.

அது கெட்ட மாத்திரை அல்ல. ரத்தசோகையைப் போக்கும் இரும்புச்சத்து மாத்திரை. வாரம் ஒன்று தின்றால் மருந்து. கைநிறையத் தின்றால் நஞ்சு!

அரசாங்க விதி

சிறுவர்களுக்கு இளஞ்சிவப்பு, 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீலம் என்று இந்த மாத்திரைகள் வருகின்றன. மேலே இனிப்புப் பூச்சு உண்டு. மிட்டாய் என்று பிள்ளைகள் நினைப்பதில் வியப்பு என்ன?

வாரம் ஒரு முறை, ஒரே ஒரு மாத்திரை. சாப்பிட்ட பிறகுதான் கொடுக்கவேண்டும். வெறும் வயிற்றில் தின்றால் குமட்டும். ஆசிரியர் கண் எதிரே விழுங்கவேண்டும். மலம் கறுத்துப் போனால் பயப்படவேண்டாம்.

குடற்புழு மாத்திரைக்கும் விதி உண்டு. 2015-ம் ஆண்டு முதல் இதற்கென்று நாள் குறித்துக் கொடுக்கிறார்கள். மாணவ-மாணவிகள் ஆசிரியர் முன்பாக மென்று தின்னவேண்டும். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அன்று கொடுக்கக்கூடாது. மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பக்கூடாது. விடுபட்டவர்களுக்கு வேறொரு நாள் கொடுப்பார்கள்.

இரண்டு விதிக்கும் பொருள் ஒன்றே. மாத்திரை ஆசிரியர் கையிலிருந்து பிள்ளையின் வாய்க்குப் போகவேண்டும். பைக்குப் போகக்கூடாது!

வீட்டு மருந்துக்கு என்ன வழி?

முதலில் டாக்டரைக் கேளுங்கள். "காலையும் இரவும் வீட்டிலேயே கொடுத்தால் போதுமா?" என்று கேளுங்கள். பல மருந்துகளுக்குப் போதும் என்பார். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது.

வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் மருந்து தேவைப்படலாம். அப்போது பெற்றோரே நேரில் போய் ஆசிரியரிடம் சொல்லவேண்டும். டாக்டர் சீட்டின் நகலைக் கொடுக்கவேண்டும். பிள்ளையின் பெயர், மருந்தின் பெயர், எவ்வளவு, எப்போது என்ற நான்கும் எழுத்தில் இருக்கட்டும். மருந்து கடையில் வாங்கிய அட்டையிலேயே இருக்கட்டும். தாளில் மடித்த மாத்திரை எதற்கு உரியது என்று யாருக்குத் தெரியும்?

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து மட்டும் அவசரத்துக்கு உடனே எட்டவேண்டும். அதை எங்கே வைப்பது என்று டாக்டரும் ஆசிரியரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

ஒரு பிள்ளையின் மருந்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

தவறிப்போய்த் தின்றுவிட்டால்...

பிள்ளை அதிக மாத்திரை தின்றுவிட்டதா? திட்டிக்கொண்டு நிற்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். காலி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை தின்றது என்று டாக்டர் கணக்கிட அது உதவும்.

ஒன்றை மறக்கவேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை அதிகம் தின்ற பிள்ளைக்கு முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். பிறகு அடங்கியதுபோல் தெரியும். அது ஏமாற்று! உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கலாம். "சரியாகிவிட்டது" என்று வீட்டிலே வைத்திருக்கக்கூடாது.

தாய்மார்களே! இன்று இரவு பிள்ளையின் பையை ஒரு தடவை பாருங்கள். புத்தகம் இருக்கட்டும், பென்சில் இருக்கட்டும். மாத்திரை இருந்தால் எடுத்துவிடுங்கள். நாளைக்கு அதை நீங்களே கொண்டுபோய் ஆசிரியர் கையில் கொடுங்கள்.