தலைவலிக்கு யார் சாட்சி?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் இருக்கிறது. 1780-ல் தொடங்கிய பிரிவு அது. ‘தம்பிகள்’ என்று ராணுவம் முழுக்கச் செல்லமாக அழைக்கப்படும் அந்த வீரர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏராளம். கண்ணிவெடி அகற்றுவது, பாலம் கட்டுவது, வெடி வைத்துத் தகர்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்த வேலையிலிருந்து ஒருவர் ஒற்றைத் தலைவலியோடு வீடு திரும்பினால், அது பணியில் வந்த நோய் என்று அரசு ஒப்புக்கொள்ளுமா?

படையை விட்டு வெளியேறும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு உட்காரும். நோய் பணியால் உண்டானதா, பணியால் மோசமானதா என்ற இரண்டு கேள்விகளுக்கு அது விடை எழுத வேண்டும். இரண்டுக்குமே ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது. காலில் குண்டு பாய்ந்தவருக்குத் தழும்பு இருக்கிறது. தலைவலிக்காரருக்கு என்ன இருக்கிறது?

இந்த நோயின் சிக்கலே அதுதான். மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. எம்.ஆர்.ஐ. எடுப்பது மூளையில் வேறு கோளாறு இல்லை என்று பார்ப்பதற்காகத்தான். மருந்தில் அடங்காத ஒரு தாக்குதல் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். குமட்டல் வரும், வெளிச்சம் கண்ணைக் குத்தும், சின்னச் சத்தத்தையும் தாங்க முடியாது. அது விட்டுவிட்டால் ஆள் பழையபடி ஆகிவிடுவார். போர்டு முன்னால் அவர் நிற்கும் நாளில் தலை வலிக்காமலே போகலாம். நோயாளி சொல்வதும், முன்பு எழுதி வைத்த மருத்துவக் குறிப்புகளும்தான் மருத்துவருக்கு ஆதாரம்.

‘இது எல்லோருக்கும் வருவதுதானே, பரம்பரை நோய்தானே’ என்ற வாதம் எழும். அதில் பாதி உண்மை உண்டு. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் 2,329 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பு 2015-ல் வெளியானது. ஓராண்டுக்குள் மைக்ரேன் கண்டவர்கள் 25.2 விழுக்காடு, அதாவது நான்கில் ஒருவர் என்றது அது. நோய் பரவலானது என்பதால் வீரரின் கோரிக்கை விழுந்துவிடாது. பணி அதை மோசமாக்கியதா என்பதும் விதியில் உள்ள கேள்விதானே? தூக்கம் கெடுவதும், நேரத்துக்குச் சாப்பிடாததும், கண் கூசும் வெயிலும் இந்த நோயைத் தூண்டுபவை. நகரத்தில் வேலை பார்ப்பவர் அரை நாள் விடுப்பு போட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். சென்ட்ரி பணியில் துப்பாக்கியோடு நிற்பவர் எங்கே போய்ப் படுப்பார்?

தலையில் அடிபட்டு வரும் வலி இன்னொரு வகை. அடிபட்ட அல்லது நினைவு திரும்பிய 7 நாட்களுக்குள் தலைவலி தொடங்கினால்தான் அதைக் காயத்தால் வந்த தலைவலி என்று சர்வதேச வகைப்பாடு எடுத்துக்கொள்கிறது. ஆகவே விபத்து அறிக்கையின் தேதியும், எம்.ஐ. ரூம் என்ற படைப்பிரிவு மருத்துவ அறையில் முதன்முதலாகத் தலைவலி என்று எழுதப்பட்ட தேதியும் உயிர்நாடி. ‘தலைவலிக்கெல்லாம் சிக் ரிப்போர்ட்டா’ என்று கூச்சப்பட்டு மாத்திரையை விழுங்கிவிட்டுப் பரேடுக்குப் போனவருக்கு அந்தத் தேதி இல்லாமல் போகிறது. அந்தக் கூச்சம் பின்னாளில் ஒரு குடும்பத்தின் வருமானத்தையே பறித்துவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

சட்டம் வீரருக்கு எதிராக இல்லை. தரம்வீர் சிங் வழக்கைப் பாருங்கள். 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர், வலிப்பு நோய் என்று 1994 ஏப்ரல் 1 முதல் வெளியே அனுப்பப்பட்டார். குறைபாடு 20 விழுக்காடு. பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்றது போர்டு. வலிப்பும் மைக்ரேனைப் போலவே வந்து போகும் நரம்பியல் நோய், அதையும் உடல்வாகு என்று தள்ளிவிடுவது எளிது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், ஆள் நலமாகவே சேர்ந்தார் என்றுதான் கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. சேர்க்கையின்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு கருதினால், அதற்குக் காரணம் எழுத வேண்டும். இவ்வளவையும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. வெளியே அனுப்பப்பட்டு 19 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நீதி அது.

இந்தப் பென்ஷனுக்காக 2008-ல் வந்த விதிகள் கொஞ்சம் இறுக்கின. பணிக்காலத்தில் நோய் தலைகாட்டியது என்பது மட்டும் போதாது என்றன. ஆனாலும் நிரூபிக்கும்படி வீரரைப் பொதுவாகக் கேட்கக் கூடாது என்பதை அவை கைவிடவில்லை. அமைதிப் பகுதியில் இருக்கும்போது நோய் வந்தது என்பதை மட்டுமே சொல்லிப் பென்ஷனை மறுக்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் கூறியது. பெங்களூரு போன்ற ஊர்களில் பணியாற்றியபோது நோய் கண்டவர்களுக்கு இது பெரிய பிடிமானம். 2023 செப்டம்பர் 21 முதல் இன்னொரு புது விதித்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வெளிவந்தவர்கள் அதைத் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

2008 விதிகளில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளியே வந்து 15 ஆண்டுகள் கழித்து விண்ணப்பித்தால், அதற்குள் பணி ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் சுமை வீரர் தலைக்கு மாறிவிடும். தாமதித்தால் பணமும் போகும். உரிமை நிலைத்தாலும், தாமதமாக வழக்குப் போட்டவருக்குப் பொதுவாக மூன்று ஆண்டு நிலுவைதான் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2008 தர்சேம் சிங் தீர்ப்பு.

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களின் மைக்ரேனுக்குத் தனி அளவுகோலே உண்டு. ஆளைப் படுக்கையில் தள்ளும் தாக்குதல் சராசரியாக மாதம் ஒன்று என்றால் 30 விழுக்காடு, அடிக்கடி வந்து பிழைப்பையே கெடுத்தால் 50. அங்கே தலைவலி நாட்குறிப்புக்கு மதிப்பு அதிகம். இங்கும் அதை எழுதுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. வலி வந்த தேதி, எத்தனை மணி நேரம் நீடித்தது, அன்று என்ன பணி, என்ன மாத்திரை என்று நாலு வரி போதும்.

போர்டு படிவத்தில் வீரரே நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று உண்டு. எங்கெங்கே பணியாற்றினீர்கள், நோய் முதலில் எப்போது, எந்த இடத்தில் வந்தது, சேர்வதற்கு முன் இருந்ததா என்று கேட்கும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அதை ஏனோதானோ என்று நிரப்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் வழக்கறிஞர் எவ்வளவு வாதாடினாலும், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தக் கையெழுத்தைத்தான்.

மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் இரண்டாம் முறையீடு. பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்காரருக்குச் சென்னை அமர்வு. கர்நாடகம் கொச்சி அமர்வின் எல்லைக்குள் வருகிறது. இத்தனை படைப்பிரிவு மையங்களும் விமானப்படையின் கமாண்ட் மருத்துவமனையும் உள்ள பெங்களூருக்கு நிரந்தர அமர்வு இல்லாதது பெரிய குறை. தலைவலியோடு ரயிலேறும் முதியவரை நினைத்தாவது அதை மாற்ற வேண்டும்.

உங்கள் மகனோ அண்ணனோ இப்போது சீருடையில் இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது ஒன்றைச் சொல்லுங்கள்: தலை வலித்தால் எம்.ஐ. ரூமுக்குப் போய் எழுதி வாங்கு, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வீட்டுக்கு அனுப்பு.