சுண்ணாம்பு போதுமா?

ஐப்பசி மழை ஓய்ந்தாலும் நெய்வேலிப் பழைய வீட்டுச் சுவரின் ஈரம் ஓய்வதில்லை. கரும்பூஞ்சை படர்கிறது, குழந்தை இரவெல்லாம் இருமுகிறது. "சுண்ணாம்பு அடித்தால் போச்சு" என்கிறார் வீட்டுக்காரர். சீழை எடுக்காமல் புண்ணுக்குக் கட்டுப் போடுவதா வைத்தியம்?

சிறு தொல்லை என்று எண்ணாதீர், தோழர்களே! இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், பூஞ்சை பிடித்த வாடகை வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுப் பாலகன் அவாப் இஷாக் 2020 டிசம்பரில் மாண்டான். பூஞ்சையே காரணம் என்று 2022-ல் மரண விசாரணை உரைத்தது. முறையிட்ட தந்தைக்குக் கிடைத்த பதில், "வர்ணம் பூசிக்கொள்" என்பதே! இன்று அந்தப் பிள்ளையின் பெயரால் அங்கே சட்டம் நிற்கிறது.

இங்கும் சட்டம் உண்டு. 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லையேல், கட்டடப் பழுது நீக்குவது வீட்டுக்காரர் பொறுப்பு. எழுத்தில் கேட்டும் செய்யாவிட்டால், நாமே பழுது பார்த்துச் செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் வேலையோடு சேர்த்து நிறுவனம் தரும் குடியிருப்புக்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கே துணை யார்? சங்கமே!

தனித்தனியே முணுமுணுத்தால் சுவர்தான் கேட்கும். புகாரை எழுதுங்கள், நகல் வையுங்கள், தெருவே கையொப்பமிடட்டும். மண்ணைத் தோண்டி ஊருக்கு ஒளி தருபவன் பிள்ளை, மூச்சுக்குத் தவிக்கலாமா?