எண்புதிராக வாசித்தல்: பழந்தமிழ்க் கணக்குச் செய்யுள்கள் மூன்று

முன்னுரை

வயதுவந்தோர்க்கான எண்புதிர்கள் இன்று நாளிதழ்களிலும் கைப்பேசிக் குழுக்களிலும் பெருகியுள்ளன. தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்கும் கடற்கரைக்கும் ஓடும் மின்தொடர்வண்டிகளில் சுடோகு கட்டங்களை நிரப்புவோரைக் காண்பது அரிதன்று. அதே குழுக்களில் வேறொரு வகைச் செய்தியும் சுற்றி வருகிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணினர் தமிழர். பிதாகரசுக்கு முன்பே கர்ணம் கண்டனர் தமிழர் என்பன அவை. கருத்தரங்கக் கட்டுரைகளிலும் இக்கூற்றுகள் இடம்பெறத் தொடங்கிவிட்டன. இவற்றை வகுப்பில் கேட்ட மாணவர் ஒருவர் பலாப்பழம் ஒன்றை வாங்கிச் சோதித்து, விடை பொருந்தாமை கண்டால், அவர் ஐயுறுவது அந்த ஒரு செய்யுளை மட்டுமன்று. தமிழ்க் கணக்கு மரபு முழுவதையும் ஐயுறுவார். இச்செய்யுள்களை இயற்கை பற்றிய உண்மைகளாகக் கொள்ளாமல், கணக்கரின் மதியைத் தீட்டிய புதிர்களாக வாசிப்பதே பொருத்தம் என இக்கட்டுரை கருதுகிறது.

சுளையும் விதையும்

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி, கல், கால் முதலிய வழிகளில் கணக்குகளைப் பகுத்துரைக்கும் நூல். கணக்கரின் அன்றாடத் தொழிலுக்கு நேரே பயன்படாத சில கணக்குகளும் அந்நூல் மரபில் உள்ளன. பலாச்சுளைக் கணக்கு அவற்றுள் ஒன்று. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்தால் சுளைகளின் தொகை கிடைக்கும் என்பது அதன் விதி.

முட்கள் 85 எனின் விடை 102; இடர் ஏதுமில்லை. 87 எனின் 522ஐ 5ஆல் வகுக்க வேண்டும். விடை 104, அதன்மேல் ஐந்தில் இரண்டு. பழத்துக்குள் ஐந்தில் இரண்டு சுளை இராது. ஆனால் கீழ்வாயிலக்கம் பயின்றவனுக்கு இங்குதான் வேலை தொடங்குகிறது. ஐந்தில் இரண்டு என்பதைக் காலும் மூன்று மாவுமாகப் பிரித்து, ‘காலே மூன்றுமா’ என அவன் சொல்லவேண்டும். விதி பழத்தைப் பற்றியது எனக் கொண்டால் இவ்விடை நகைப்புக்குரியது. பயிற்சியைப் பற்றியது எனக் கொண்டால், 5ஆல் வகுத்தல் வேண்டுமென்றே வைக்கப்பட்டதாகத் தோன்றும்.

பூசணி விதைக் கணக்கு இன்னும் தெளிவான சான்று. கீற்றுகளை எண்ணி, மூன்றால் பெருக்கி, ஆறால் பெருக்கி, ஐந்தால் பெருக்கி, பாதியைத் தள்ளி, எஞ்சியதை மூன்றால் வகுக்க வேண்டும். கீற்று 10 எனின் 30, 180, 900, 450, 150 என்று கணக்கு ஓடும். முதலில் மூன்றால் பெருக்கியது இறுதியில் மூன்றால் வகுக்கப்பட்டு நீங்கிவிடுகிறது. ஆக, இந்தச் சுற்றுவழி முழுவதும் கீற்றைப் பதினைந்தால் பெருக்குவதே. விதையின் தொகையை மட்டும் அறிய விரும்பியவர் இவ்வாறு விதி அமைத்திருக்க மாட்டார். மாணவன் ஐந்து படிகளை மனத்தில் ஏறி இறங்க, ஆசிரியர் ஒரே பெருக்கலில் விடையைச் சரிபார்த்துவிடலாம். அதற்கெனவே இது அமைக்கப்பட்டது எனக் கருத இடமுண்டு. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியான நினைவாற்றல் பயிற்சி பெற்றிருந்த இடத்தைச் செந்தில் பாபு தமது 2022ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அப்பின்புலத்தில் இவ்விதியின் நெளிவு வியப்பளிக்காது.

கர்ண விதி

மூன்றாவது விதி போதையனார் பெயரால் இன்று பரவலாக வழங்குகிறது. செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளி, எஞ்சியதோடு குறுகிய பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்பது விதி. (ஊர்க்கணக்கரையும் ‘கர்ணம்’ என்றே அழைத்தது தற்செயலான பொருத்தமே.) 4, 3 எனும் பக்கங்களுக்கு 3½ + 1½ = 5 எனச் சரியாக வரும். 12, 5 எனும் பக்கங்களுக்கும் 10½ + 2½ = 13 எனச் சரியாகவே வரும். மேடைகளில் காட்டப்பெறுவன பெரும்பாலும் இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளே. அதற்குக் காரணம் உண்டு.

நீண்ட பக்கம் அ, குறுகிய பக்கம் ஆ எனக் கொண்டு, விதி தரும் விடையின் வர்க்கத்தைப் பக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன்படுத்தினால், 15அ² − 56அஆ + 48ஆ² = 0 எனும் சமன்பாடு கிடைக்கும். இதன் தீர்வுகள் இரண்டே: அ : ஆ என்பது 4 : 3 ஆகலாம், அல்லது 12 : 5 ஆகலாம். இவ்விரு வடிவங்களுக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் அன்றி வேறெந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் விதி முற்றிலும் பொருந்தாது. 15, 8 எனும் பக்கங்களுக்கு 17க்குப் பதிலாக 17⅛ வரும். பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 24, 7 எனின் 25க்குப் பதிலாக 24½. பக்கங்கள் 40, 2 எனின் விடை 36. கர்ணம் பக்கத்தைவிடச் சிறியதாகிவிடுகிறது!

இதனைக் குறையென்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். வர்க்கமூலம் காணாமல், ஒரு பக்கத்தின் ஒரு பங்கையும் மற்றதன் ஒரு பங்கையும் கூட்டி, இவ்விரு முக்கோணங்களுக்கும் கர்ணம் சரியாகத் தரும் விதி எது? அத்தகைய விதி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதன் பங்குகள் எட்டில் ஏழும் பாதியும். அறிந்த இரு முக்கோணங்களிலிருந்து இதை யாரேனும் வருவித்தாரெனில், அவர் ஓர் அழகான புதிரை விடுவித்தவர். பிதாகரசு தேற்றத்தோடு இதனை ஒப்பிட்டுப் பெருமை கொள்வதினும் இந்த வருவிப்பை வகுப்பில் செய்து காட்டுவது பயனுடையது. தேற்றம் எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் உரியது. இது கைக்கணக்குக்கு உரிய தோராயம்.

காணியில் காணி

இப்பயிற்சி யாருக்குத் தேவைப்பட்டது? ஆர்க்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கல்பட்டு ஜாகீரில் இன்றைய தாம்பரம் சூழ்ந்த நிலப்பகுதியும் அடங்கும். அங்கு ஏறத்தாழ 2,000 ஊர்களின் விவரங்களைத் தாமசு பார்னார்டு 1767 முதல் 1774 வரை திரட்டினார். அதற்கு அடிப்படையாயின ஊர்க்கணக்கர் எழுதிய தமிழ் ஓலைகள். தரம்பால் முதலானோர் இக்கணக்குகளை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். நிலம், மானியம், விளைச்சலில் பிரிக்கப்படும் பங்கு எனக் கீழ்வாயிலக்கமின்றி எழுதவியலாத கணக்கு ஊர்தோறும் இருந்தது. பலாச்சுளையில் ‘காலே மூன்றுமா’ சொல்லிப் பழகியவன் களத்து நெல்லில் தடுமாற மாட்டான்.

அவ்வுலகின் எச்சம் ஒன்று சென்னையின் தென்புறநகரில் இன்றும் வழக்கில் உள்ளது. மனை வாங்குவோர் பேசும் ‘கிரவுண்டு’ 2,400 சதுர அடி. 24 கிரவுண்டு ஒரு காணி. ‘காணி’ என்பதே எண்பதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னமுமாகும். நிலத்தையும் எண்ணையும் ஒருசேரக் குறிக்கும் இச்சொல்லைக் கொண்டு மாணவர்க்கு இப்படி ஒரு புதிர் போடலாம்: ஒரு காணி நிலத்தில் ஒரு காணி எவ்வளவு? 57,600 சதுர அடியை 80ஆல் வகுக்க 720 வரும். சேலையூரிலோ மேடவாக்கத்திலோ இரு படுக்கையறை கொண்ட சிறிய அடுக்குமாடி வீடொன்றை அந்த அளவுக்குள் அமைத்துவிடலாம். அதே நிலத்தில் முந்திரி, அதாவது 320இல் ஒரு பங்கு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. அதன் விடை மகிழுந்து ஒன்றை நிறுத்தும் இடமளவே.