இஸ்தான்புல்லில் இரு நாட்கள்

பேறுகாலம் பார்க்க அயல்நாட்டிலுள்ள மகள் வீட்டுக்குச் சென்று திரும்பும் பெற்றோர் இன்று நம் பங்குகளில் பலர் உண்டு. நாங்களும் அவ்வாறே பிராங்பர்ட் சென்று, மூன்று மாதம் தங்கி, 2024 நவம்பரில் திரும்பினோம். வழியில் இஸ்தான்புல்லில் விமானம் மாற வேண்டும். "சில மணி நேரம் விமான நிலையத்தில் தூங்கி வழிவதைவிட, சனி ஞாயிறு தங்கி ஊரைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று மகள் அதற்கேற்பப் பயணச்சீட்டு எடுத்துவிட்டாள். ஷெங்கன் விசா கையில் இருந்தமையால் துருக்கி விசாவை இணையவழியாகவே பெற முடிந்தது.

இக்கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். மணமாகி 34 ஆண்டுகள் ஆகியும், நாங்கள் இருவர் மட்டும் ஓர் ஊரில் போய்த் தங்கியது அதுவே முதன்முறை. வேளாங்கண்ணிக்குப் போனாலும் பாட்டி, பிள்ளைகள், கட்டுச்சோற்று மூட்டை எல்லாம் உடன் வரும்.

வெள்ளிக்கிழமை இரவு சிர்கேஜி புகைவண்டி நிலையத்தின் அருகே ஓர் எளிய விடுதியில் இறங்கினோம். ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் வந்து நின்ற நிலையம் அது. எங்களுள் கணவர் கணக்குத் துறையில் வேலை பார்த்தவர். பதினொரு இடங்களையும், ஒவ்வொன்றுக்கும் உரிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை முதலில் ஹாகியா சோபியா. 'தூய ஞானம்' என்பது அப்பெயரின் பொருள். பேரரசர் ஜஸ்டீனியன் 532இல் தொடங்கி 537இல் முடித்த பேராலயம், 1453இல் மசூதியாயிற்று, 1934ஆம் ஆண்டு ஆணையால் அருங்காட்சியகமாகி, 2020இல் மீண்டும் மசூதியாயிற்று. நாங்கள் சென்றபோது வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டுமே திறந்திருந்தது. கட்டணம் தலைக்கு 25 யூரோ. நம் பணத்தில் இருவருக்கும் ஏறத்தாழ 4,500 ரூபாய். வரிசையோ நீண்டு கிடந்தது.

மனைவி அங்கேயே நின்றுவிட்டார். "நீங்கள் போய்ப் பார்த்து வாருங்கள். நான் இப்படி உட்காருகிறேன்." பணத்துக்காகச் சொல்கிறார் என்று எண்ணிய கணவர், இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போவதா என்று வற்புறுத்தினார். மனைவி தாளைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: "இந்தப் பட்டியலில் நான் உட்காருவதற்கு எத்தனை மணி என்று எழுதியிருக்கிறீர்கள்?"

கணவர் கோபத்தோடு தனியே சென்றார். மேல்மாடத்தின் தென்புறத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது எனப்படும் மொசைக் ஓவியம் ஒன்று உண்டு. நடுவில் கிறிஸ்து, இருபுறமும் அன்னை மரியாளும் ஸ்நாபக அருளப்பரும். கீழ்ப்பாதி உதிர்ந்து போயிற்று. ஆனால் முகங்கள் இருக்கின்றன. அருளப்பரின் முகத்திலுள்ள துயரத்தைக் கண்டு, "இங்கே பார்" என்று பழக்கத்தில் திரும்பியபோது பக்கத்தில் நின்றவர் யாரோ ஒரு வெளிநாட்டார். அதன்பின் அந்தப் பெரிய குவிமாடத்தை அவர் அரைமனத்தோடுதான் பார்த்தார்.

வெளியே வந்தபோது மனைவி, எதிரே 1616இல் முடிந்த நீல மசூதியை நோக்கியபடி ஓர் இருக்கையில் அமர்ந்திருந்தார். கையில் பாதி தின்ற சிமித். எள் ஒட்டிய வளைய ரொட்டி. மடியில் ஒரு பூனை. அந்நகரில் பூனைகள் யாருடைய மடியிலும் உரிமையோடு ஏறும். "மூன்று மாதத்தில் என் மடியில் பிள்ளை இல்லாமல் உட்கார்ந்தது இன்றுதான்" என்றார். பூனை இருக்கிறதே என்று கணவர் சொன்ன நகைச்சுவை அப்போது எடுபடவில்லை. அடுத்த இரண்டு இடங்களை அவர் தாமாகவே அடித்துவிட்டார்.

அன்று மாலை உழைப்பாளிகள் உண்ணும் ஓர் உணவகத்துக்குச் சென்றோம். சமைத்தவற்றையெல்லாம் தட்டுகளில் வரிசையாக வைத்திருப்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் விரலால் காட்டலாம். பருப்பு சூப்பில் எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். நம் பருப்பு ரசத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. வெண்ணெய்ச் சோற்றின்மேல் வெந்த கொண்டைக்கடலை, கொத்திறைச்சி அடைத்த கத்தரிக்காய், உப்பிட்ட மோர். மனைவி முறையாகக் காட்டினார்: கணவருக்குக் கத்தரிக்காய், கணவருக்குச் சோறு, கணவருக்கு மோர். பரிமாறியவர் சிரித்துக்கொண்டே கரண்டியை அவர் பக்கம் நீட்டி, உங்களுக்கு என்ன என்று சைகை செய்தார். மனைவி சற்று நேரம் விழித்தார். பிறகு கணவரிடம், "அவர் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றார். இறுதியில் இருவருக்கும் அதுவே வந்தது. உணவு சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல் கணவரை இரவு நெடுநேரம் உறங்கவிடவில்லை.

ஞாயிறு காலை இஸ்திக்லால் சாலையிலுள்ள புனித அந்தோனியார் ஆலயத்தில் ஆங்கிலத் திருப்பலி கண்டோம். 1912இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கல் ஆலயம். பின்னாளில் திருத்தந்தை 23ஆம் அருளப்பரானவர், 1935 முதல் 1944 வரை திருத்தந்தையின் பிரதிநிதியாக இந்நகரில் வாழ்ந்தபோது மறையுரையாற்றிய இடம். முற்றத்தில் அவருடைய சிலை நிற்கிறது. அவ்வாண்டு ஜனவரி 28ஆம் நாள் நகரின் வேறோர் ஆலயத்தில் திருப்பலி வேளையில் துப்பாக்கியால் சுட்டதில் ஒருவர் இறந்திருந்தார். அதனால் வாயிலில் பைகளைச் சோதித்தனர். ஆயினும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றியவர்களில் முக்காடிட்ட இஸ்லாமியப் பெண்களும் இருந்தனர். உவரியிலும் புளியம்பட்டியிலும் காணும் காட்சிதான். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ஓர் எண்ணம் தோன்றியது: 381இல் ஆயர்கள் கூடி அதனை நிறைவுபடுத்தியது இந்த நகரில் அல்லவா!

ஆலயத்தைவிட்டு வெளியே வந்ததும் கணவர் தாளை மனைவியிடம் கொடுத்தார். மனைவி அதைப் படிக்காமலே மடித்து, "கப்பலில் போவோம்" என்றார்.

1875 முதல் ஓடும் சிறு சுரங்க ரயிலில் இறங்கி, காராக்கோய் துறையில் படகேறினோம். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியா. மேல்தளத்தில் எல்லாரும் பாலில்லாத தேநீரைச் சிறு கண்ணாடிக் குவளையில் குடித்துக்கொண்டு, கடற்பறவைகளுக்கு ரொட்டித் துண்டு வீசுகின்றனர். இறங்கிய துறை காடிக்கோய். 451இல் பொதுச்சங்கம் கூடிய கல்செதோன் இதுதான். இன்று அங்கே பெரும் சந்தை. கிரேக்க வைதீக சபையாரின் புனித யூபேமியா ஆலயம் ஒன்றும், அதனருகே மீன் கடைகளும் உண்டு.

அக்கடைகளின் முன் மனைவி நின்றார். சிவப்புத் தட்டுகளில் வெள்ளிபோல் குவிந்து கிடந்தது ஹம்சி. நம் நெத்திலியேதான், கருங்கடலில் குளிர்காலத்தில் மிகுதியாகக் கிடைப்பது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மனைவி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவர். சாளையும் நெத்திலியும் உண்டு வளர்ந்தவர். கணவர் திண்டுக்கல் பக்கம். சிறுவயதில் தொண்டையில் முள் சிக்கியதிலிருந்து வஞ்சிரம் தவிர வேறு மீன் தொடமாட்டார். எனவே எங்கள் வீட்டில் 34 ஆண்டுகளாக வஞ்சிரம். அது விலையேறிய நாளில் கோழி. நெத்திலி வாங்குவதே இல்லை. அவருக்கு அது பிடிக்கும் என்பதே கணவருக்குத் தெரியாது. யாரும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்த மீன் தட்டு நிறைய வந்தது. உடன் வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும். மனைவி தலையைக் கிள்ளிவிட்டு முள்ளோடு மென்றார். பேசவில்லை. தட்டு காலியானதும் நிமிர்ந்து, கணவரைக் கேளாமலே, பரிமாறுபவரிடம் ஒரு விரலைக் காட்டினார். இரண்டாம் தட்டிலிருந்து கணவரும் ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். முள் உறுத்தவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். பிடித்தது என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. ஏழு இடங்கள் பார்க்காமலே அன்றிரவு விமானம் ஏறினோம்.

சென்னை திரும்பிய முதல் சனிக்கிழமை, கணவர் தாமே பை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய் அரைக் கிலோ நெத்திலி வாங்கி வந்தார். கடையிலேயே ஆய்ந்து தரச் சொல்லலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அடுக்களைத் தரையில் முறத்தை நடுவில் வைத்து, இருவரும் உட்கார்ந்து ஆய்ந்தோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.