பனிக்கட்டி மேல் வைத்தாலும் ஹார்மோன் ஒட்டும்

டீ ஆறுவதற்குள் ஆய்வகத் தட்டு ஒன்றுக்குள் எட்டிப் பார்த்துவிடுவோம். அதன் அடியில் ஒட்டி வளர்பவை ஜி.எச்.3 செல்கள், எலியின் பிட்யூட்டரிக் கட்டியிலிருந்து வந்தவை. பாலூறச் செய்யும் புரொலாக்டினை இவை சுரக்கும். ஊட்டத் திரவத்தில் டி.ஆர்.எச். என்ற ஹார்மோனைத் துளி கலந்தால் சுரப்பு கூடும். இவ்வளவும் 37 டிகிரி இன்குபேட்டருக்குள் நடப்பது. தட்டைக் குளிரவைத்தால் என்ன ஆகும்?

சுரப்பு குறையும், சரிதான். ஏன் என்று கேட்டால்தான் நாம் எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குகிறோம். குளிரில் செல்லின் எல்லா வேலையும் ஒரே அளவில் மந்தமாகும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. சில வேலைகள் தள்ளாடியாவது நடக்கும், சில அடியோடு நின்றுபோகும்.

முதல் படி, ஹார்மோன் வந்து சேர்வது. செல்லின் வெளிச்சவ்வில் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது, டி.ஆர்.எச்.சைப் பிடிப்பதற்கென்றே வடிவம் அமைந்தது. தட்டைப் பனிக்கட்டி மேல் வைத்து 4 டிகிரிக்கு இறக்கினாலும் ஹார்மோன் அதில் ஒட்டத்தான் செய்யும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அதற்கு மேல்தான் சிக்கல். ஏற்பி உள்ளே சேதி அனுப்ப வேண்டும், செல்லுக்குள் சேர்த்துவைத்த கால்சியம் வெளிப்பட வேண்டும், புரொலாக்டின் நிரம்பிய நுண்பைகள் வெளிச்சவ்வோடு கலந்து வாய் திறக்க வேண்டும். பையின் உறையும் வெளிச்சவ்வும் கொழுப்பால் ஆனவை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. கொலஸ்ட்ரால் இருப்பதால் சவ்வு அந்த அளவு கட்டியாகாது என்பது உண்மை. (கொலஸ்ட்ராலுக்கு நல்ல பெயர் கிடைக்கும் அபூர்வமான இடம் இது.) ஆனாலும் விறைக்கும். சவ்வுகளை இழுத்துச் சேர்க்கும் புரதங்களும் சோர்ந்துவிடும்.

20 டிகிரியில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்கெனவே நிரம்பித் தயாராக இருக்கும் பைகள் அந்தக் குளிரிலும் திறக்கும். அட்ரினல் செல்களில் இதை அறை வெப்பநிலையிலேயே அளக்கிறார்கள். புதிய புரதத்தின் பாடுதான் திண்டாட்டம். 1983இல் ஹைடல்பெர்க்கில் மேட்லினும் சைமன்சும் நாயின் சிறுநீரகச் செல்களில் ஃப்ளூ வைரஸின் புரதம் ஒன்றைத் தொடர்ந்து பார்த்தார்கள். 20 டிகிரியில் அது கோல்ஜி வரை, அதாவது செல்லுக்குள் புரதங்களை மெருகேற்றி அனுப்பும் இடம் வரை, போயிற்று. மெருகேற்றும் வேலையும் முடிந்தது. வெளிச்சவ்வுக்கு மட்டும் வந்து சேரவில்லை. 37க்குத் திரும்பியதும் தேங்கியிருந்தது புறப்பட்டுவிட்டது. 15 டிகிரி என்றால் கோல்ஜிக்கே வந்து சேராமல் வழியில் நின்றுவிடும்.

ஆகவே ‘குளிர்வித்தோம், சுரப்பு பாதியாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று கேட்காமல் விடக்கூடாது. ஆய்வாளர்களோ இந்தக் குளிரையே வசதியாக்கிக்கொண்டார்கள். பனிக்கட்டி மேல் ஹார்மோனை ஒட்டவைத்து, ஒட்டாததைக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான திரவத்தை ஊற்றுகிறார்கள். தட்டிலுள்ள செல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நொடியில் வேலையைத் தொடங்குகின்றன; கடிகாரத்தை அப்போது ஓடவிட்டால் போதும்.