முதலாளி சொன்னதைத்தான் செய்தேன்

காவத்தை, இறக்குவானை, யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் உயர்தரம் எழுதிய பிள்ளைகளிடம் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்து வேலைக்கு, போகிறாயா என்று கேட்டால் சிரிப்பார்கள். 2026 சனவரியிலிருந்து தோட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ரூபா, அதற்குமேல் வரவுக் கொடுப்பனவு 200. கடைக்கோ ஹோட்டலுக்கோ போனால் சட்டப்படியான மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 30,000. மாதம் 25 நாள் பேர் விழுந்தால் தோட்டத்தில்தான் கூட வரும். ஆனால் 25 நாளும் வேலை கொடுக்கிற தோட்டம் எங்கே இருக்கிறது? மழை பெய்தால் ரப்பர் பால் வெட்டு இல்லை, நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அதனால் பிள்ளைகள் பலாங்கொடை, அவிசாவளை, கொழும்பு என்று பஸ் ஏறுகிறார்கள். அட்டைக்கடி இல்லாத, சட்டை கசங்காத வேலை என்று வீட்டிலும் சந்தோஷப்படுகிறார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு வருகிற சங்கடத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மருந்தடிப்பதும் மூட்டை தூக்குவதும் உடம்பைத்தான் வருத்தும். கடை வேலை வேறு விதமாக வருத்தும். காலாவதியான பால்மாவின் திகதியை அழித்துவிட்டு ராக்கையில் அடுக்கச் சொல்வார்கள். இரத்தினபுரியில் கல் கடையில் நிற்கிற பிள்ளையிடம், செயற்கைக் கல்லைப் பூமியில் எடுத்த கல் என்று வெளிநாட்டுக்காரரிடம் சொல் என்பார்கள். பள்ளிக்கூடச் சீருடை மாற்றாமல் வந்த பையனுக்கு சிகரெட் கொடுக்கச் சொல்வார்கள். கிழமைக் கடன் கம்பனியில் சேர்ந்தவனை, தன் அம்மாவோடு கொழுந்து பறித்த பெண்ணின் லயத்து வாசலில் போய் உட்கார்ந்து, காசு தரும்வரை எழும்பாதே என்று அனுப்புவார்கள்.

தோட்டத்துத் தராசில் ஈரம், சாக்கு, காம்பு என்று கிலோக் கணக்கில் வெட்டு வாங்கியவர்கள் நம் பாட்டிமார். தராசுக்கு இந்தப் பக்கம் நின்றால் எப்படி வலிக்கும் என்று அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். இப்போது அந்தப் பிள்ளையே தராசுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. மனம் கேட்கவில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னால், “பொழைக்கப் போன எடத்துல ஒனக்கெதுக்கு நியாயம், மொதலாளி சொன்னா செய்” என்று பதில் வரும். குறை சொல்ல முடியாது. வீட்டில் கடன் இருக்கிறது. ஆனால் அந்த அறிவுரை பாதுகாப்பானது என்று நினைத்தால் அது தப்பு. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் ஆபத்தான அறிவுரை அதுதான்.

முதலில் ஒரு கசப்பான விசயம். எனக்கு மனம் ஒப்பவில்லை, அதனால் செய்ய மாட்டேன் என்று சொல்லும் உரிமையைத் தனியார் கடையில் வேலை செய்பவருக்கு இலங்கைச் சட்டம் நேரடியாகக் கொடுக்கவில்லை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் உறுதிசெய்கிறது. ஆனால் அதை மீறியதாக 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம் போவதென்றால், மீறியது அரசாங்கமோ அரச அதிகாரியோ ஆக இருக்க வேண்டும். போவதற்குக் காலமும் ஒரு மாதம்தான். பலசரக்குக் கடை முதலாளிக்கு எதிராக அந்த வழி திறக்காது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம், ஊழியரின் மத நம்பிக்கைக்கு முதலாளி முடிந்தவரை இடம் கொடுக்க வேண்டும் என்கிறது. இங்கே தனியார் துறைக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

அதனால் மனச்சாட்சி என்ற சொல்லோடு தொழில் அலுவலகத்துக்குப் போகக்கூடாது. என்ன வேலையைச் செய்யச் சொன்னார்கள் என்பதோடு போக வேண்டும். உறுத்துகிற வேலைகளில் பல சட்டத்துக்கும் விரோதமானவை. அவற்றை மறுப்பவர் முதலாளியின் கட்டளையை மீறிய ஊழியர் அல்ல, குற்றத்துக்குக் கை கொடுக்காத ஊழியர்.

திகதி மாற்றும் வேலையையே எடுப்போம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளின் மேலுள்ள லேபிளை, விலைக் குறியை அழிப்பவர், மாற்றுபவர் எவரையும் குற்றவாளி ஆக்குகிறது. முதலாளியை மட்டும் என்று எழுதவில்லை. அதிகாரிகள் சோதனைக்கு வருகிற நேரத்தில் கல்லாவில் முதலாளி இருக்க மாட்டார், பஞ்சும் தின்னரும் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் நீங்கள். சிகரெட்டும் மதுவும் அப்படித்தான். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு அவற்றை விற்பது குற்றம், விற்ற கை யாருடையது என்பதுதான் கேள்வி. கல் கடையிலும் சூட்டில் நிறம் ஏற்றிய கல்லைச் சுட்ட கல் என்று சொல்லி விற்பது நியாயமான வியாபாரம். செயற்கைக் கல்லை இயற்கை என்று சொல்லிக் காசு வாங்குவது தண்டனைச் சட்டக் கோவையின்படி ஏமாற்றுதல். கடையைச் சோதிக்க வந்தவருக்குக் கவரை ‘நீ போய்க் குடுத்துட்டு வா’ என்று அனுப்புவதும் உண்டு. கொண்டுபோனவரும் இலஞ்சத்தில் பங்காளி. முதலாளி சொன்னார் என்ற பதில் நீதவானிடம் இரக்கத்தை வாங்கித் தரலாம், விடுதலையை வாங்கித் தராது.

கடன் வசூலைப் பற்றி கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அடிப்பவரும் அடி வாங்குபவரும் நம் லயத்து ஆட்கள். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வசூலிப்பவர்கள் பெண்களை மிரட்டுவதையும், தவணைக்குப் பதிலாகப் பாலியல் இணக்கம் கேட்பதையும் பதிவு செய்தார். அந்த வருடக் கடைசியில் மத்திய வங்கி, தன் கண்காணிப்பில் உள்ள நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. 2021 மார்ச் 8ஆம் திகதி ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். இதெல்லாம் கடனாளியின் பக்கத்துக் கதை. வசூலுக்குப் போகிற பொடியனின் கதையை யாரும் எழுதவில்லை. மாதக் கடைசியில் இலக்கு நிரம்பாவிட்டால் கொமிஷன் இல்லை, சில இடங்களில் வராத தவணையைச் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். அவன் கத்துவதற்குக் காரணம் அவனுக்குப் பின்னால் கத்துகிற முகாமையாளர்.

கடன் கட்டாதது சிவில் பிணக்கு. அதற்காக ஆளை ஜெயிலில் போட முடியாது, வீட்டுச் சாமானைத் தூக்க நீதிமன்றக் கட்டளை வேண்டும். ஆனால் சம்மதமில்லாமல் லயத்துக்குள் நுழைந்தால் அது அத்துமீறல், ‘பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டேன்’ என்று மிரட்டினால் அது குற்றவியல் அச்சுறுத்தல். பொலிஸில் முறைப்பாடு வந்தால் கம்பனியின் பெயர் கீழேதான் வரும், முதலில் வருவது போனவனின் பெயர். சம்பளத்தில் வெட்டும் விவகாரமும் சட்டத்துக்குள் வருகிறது. சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர முதலாளி நினைத்ததையெல்லாம் வெட்ட முடியாது. வராத தவணை ஊழியரின் கடன் அல்ல. நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளரை நடத்தும் விதம் பற்றி மத்திய வங்கி 2023இல் ஒழுங்குவிதிகள் வெளியிட்டிருக்கிறது, முறைப்பாட்டு இலக்கம் 1935. கடன் எடுத்தவருக்கு உள்ள இந்த இலக்கத்தை வசூலுக்குப் போகிறவரும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. ‘சேர், அப்படிச் செய்தால் மத்திய வங்கி வரை போகும்’ என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

சட்டவிரோதமில்லாத, ஆனால் நமக்கு ஒவ்வாத வேலைகள் தனி. புக்கிக் கடையில் சீட்டு எழுதுவது, மதுபானசாலையில் கிளாஸ் கழுவுவது, மாட்டிறைச்சி வெட்டுவது. இவற்றில் சேர்ந்த பிறகு மறுத்தால் சட்டம் பெரிதாகக் கை கொடுக்காது. சேரும் முன்பே பேசிக்கொள்ள வேண்டியவை இவை. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், வேலை தொடங்கும்போதே நியமன விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. அதில் வேலை என்ன என்று எழுதியிருந்தால், காசாளராகச் சேர்ந்த பெண்ணைப் பாருக்கு மாற்றும்போது அவள் வாதாட ஒரு தாள் இருக்கும். நம் ஆட்கள் அந்தத் தாளைக் கேட்பதே இல்லை. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம். எழுத்தில் ஒன்றும் தராத கடையிலும் வாய்மொழி ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், அது வேறு விசயம்.

உடல் சம்பந்தப்பட்டது வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். வாடிக்கையாளரோடு ‘கொஞ்சம் சிரித்துப் பேசு’ என்று தொடங்கி எங்கே போகும் என்று ஹோட்டலில், மசாஜ் நிலையத்தில் வேலை செய்த பிள்ளைகளுக்குத் தெரியும். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்யும் பாலியல் தொந்தரவையும் சேர்த்துக் குற்றமாக்குகிறது. 1938க்கு அழைக்கலாம், அது பெண்களுக்கான உதவி இலக்கம்.

வெளிநாட்டு வேலை பற்றியும் ஒரு வார்த்தை. தாய்லாந்தில் கணினி வேலை என்று சுற்றுலா விசாவில் போன இலங்கையர்கள் மியன்மாரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணையத்தில் ஆட்களை ஏமாற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அங்கே மறுத்தவருக்கு அடிதான் விழுந்தது. புறப்படும் முன் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989ஐ அழைத்து, ஏஜன்சி பதிவுள்ளதா என்று கேளுங்கள்.

இனி, மறுப்பது எப்படி. முகாமையாளர் முன் வீரவசனம் பேசினால் அன்று மாலையே பெட்டி கட்ட வேண்டி வரும். எழுத்துக்கு இழுப்பதுதான் நல்ல வழி. ‘சேர், நேத்து சொன்ன பால்மா லேபிள் வேலய செய்யனும்னா ஒரு மெசேஜ் போட்டு விடுங்க’ என்று மரியாதையாக வட்ஸ்அப்பில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த மெசேஜ் வராது, வேலையும் வராது. வந்தால் அது உங்கள் சாட்சி, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறொருவருக்கு அனுப்பி வையுங்கள். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று கொப்பியில் எழுதி வாருங்கள். கடையின் பில் புத்தகத்தையோ கணக்கையோ வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். களவு என்று முறைப்பாடு போட அதுவே போதும்.

களவுக் குற்றச்சாட்டைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பேச்சுக்கு மறுபேச்சு பேசிய தோட்டத்துப் பிள்ளையை வெளியேற்ற அதுதான் கைவசமுள்ள ஆயுதம். சிங்களத்தில் எழுதிய தாளில் விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள சப்ரகமுவாவிலும் அரச அதிகாரியிடம் தமிழில் கருமமாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. கைதானால், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும்.

‘நானாகவே விலகுகிறேன்’ என்று எழுதிக் கேட்பார்கள், எழுதிக் கொடுத்தால் மிச்சச் சம்பளம் தருவோம் என்பார்கள். வேலை செய்த நாட்களின் சம்பளம் எப்படியும் உங்களுடையது. அந்தக் கடிதத்தால் போகப்போவது வழக்கு. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி, நியாயமில்லாமல் வேலைநீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். இருக்க முடியாமல் நெருக்கி விலகவைப்பதும் வேலைநீக்கமாகக் கருதப்படக் கூடும். நீக்கியதாக முதலாளி ஒத்துக்கொண்டால், அது நியாயம் என்று நிரூபிக்கும் பாரம் அவருடையது. திரும்ப வேலையோ நட்டஈடோ கிடைக்கலாம். ஆனால் விண்ணப்பம் நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தீபாவளி முடியட்டும், தைப்பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டே பலர் இந்த வாசலைத் தவறவிடுகிறார்கள்.

ஊழியர் சேமலாப நிதி வேலையை விட்டாலும் போகாது. உங்கள் 8 சதவீதம், முதலாளியின் 12 சதவீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 சதவீதம் மூன்றும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டியவை, தற்காலிகம் என்ற பேச்சுக்கு இடமில்லை. கட்டாவிட்டால் இரத்தினபுரி, கேகாலைத் தொழில் அலுவலகங்களில் முறைப்பாடு கொடுத்து, பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முறைப்பாடு செய்தவருக்குப் பாதுகாப்பு உண்டா என்றால், அரைகுறையாக உண்டு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இலஞ்சத்தைப் பற்றித் தகவல் கொடுப்பவரைப் பாதுகாக்கிறது, தனியார் துறை இலஞ்சமும் அதில் அடங்கும், தொலைபேசி இலக்கம் 1954. அதற்கு வெளியே, கடையின் திருட்டுத்தனத்தைச் சொன்ன ஊழியரைப் பழிவாங்காதே என்று பொதுவாகச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. பிரித்தானியாவில் 1998இலிருந்தே இருக்கிறது. ஆகவே கடையில் வேலை செய்துகொண்டே பாவனையாளர் அதிகார சபையின் 1977 இலக்கத்தை அழைப்பது எல்லோராலும் முடிகிற காரியம் அல்ல, அதை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. அந்த அழைப்பை எந்தப் பாவனையாளரும் எடுக்கலாம். அண்ணனோ அத்தையோ அந்தக் கடையில் அந்தப் பால்மாவை வாங்கி, பில்லோடு முறைப்பாடு செய்யத் தடையில்லை.

கடைசியாகத் தொழிற்சங்கம். அம்மாவின் சம்பளத்தில் மாதாமாதம் சந்தா பிடிக்கிற சங்கங்களுக்கு, அந்த அம்மாவின் பிள்ளை பலாங்கொடைக் கடையில் என்ன பாடுபடுகிறது என்று தெரியாது, கேட்டும் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை சங்க அங்கத்தவரும் அல்ல. அங்கத்தவராக இருந்தால் பயன் உண்டு: தொழில் நியாய சபையில் சட்டத்தரணி மட்டுமின்றி தொழிற்சங்கப் பிரதிநிதியும் அங்கத்தவருக்காகத் தோன்றலாம். தனிச் சங்கம் பதிவு செய்யவே ஏழு பேர் போதும். ஒரு தோட்டத்து ஒரு தொங்கல் லயத்திலேயே கடை வேலைக்குப் போகிறவர்கள் ஏழு பேர் தேறுவார்கள். அடுத்த தடவை சந்தாக் கணக்கோடு தலைவர் தோட்டத்துக்கு வரும்போது, இந்தப் பிள்ளைகளை எப்போது சேர்ப்பீர்கள் என்று அம்மாமார் கேட்கட்டும்.