அவிநாசியின் குளம்

கதருக்கும் பனியனுக்கும் பெயர்பெற்ற திருப்பூருக்கு வடமேற்கே எட்டு மைல் தூரத்தில் இருக்கிறது அவிநாசி. தேவார காலத்தில் இதற்குத் திருப்புக்கொளியூர் என்று பெயர்.

ஒரு சமயம் இவ்வூரில் ஒரு வீட்டில் பூணூல் கலியாணம். எதிர் வீட்டிலோ அழுகை. அவ்வீட்டுப் பிள்ளையைச் சில ஆண்டுகளுக்கு முன்பு குளத்து முதலை விழுங்கிவிட்டது. அவ்வழியே வந்த சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாட, வற்றிக் கிடந்த குளத்தில் நீர் பெருகிற்றாம். முதலையும் பிள்ளையைக் கரையில் உமிழ்ந்ததாம். கோயிலில் அந்தக் காட்சியைக் கல்லில் வடித்திருக்கிறார்கள்.

முதலையைக் காட்டிலும், நீர் பெருகிய செய்திதான் நம் மனத்தைக் கவர்கிறது. தென்மேற்குப் பருவ மழையை மேற்கு மலைகள் மறித்துக்கொள்வதால், இது வானம் பார்த்த சீமை. கிணறுகள் பாதாளத்தை எட்டின. குளங்களில் சீமைக் கருவேல் மண்டிற்று. பவானியின் உபரி நீரைக் கேட்டு இரண்டு தலைமுறையினர் மனுக் கொடுத்தார்கள், உண்ணாவிரதமும் இருந்தார்கள். 2024 ஆகஸ்டு 17-ல்தான் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கிற்று. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து நீரை மேலேற்றிக் குழாய் வழியே மூன்று ஜில்லாக்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளில் விடுவது அதன் நோக்கம்.

சித்திரை மாதத்தில் இவ்வூர்ப் பெரிய தேரைக் காண வரும் நேயர்கள், வடம் பிடித்த கையோடு ஒரு குளக்கரைக்கும் போய் வரலாம்.